மாமனார் ஊரில் ஒரு வெள்ளைப் புள்ளி

கொண்டப்பநாயக்கன்பட்டியில் குடியிருந்த சென்னியப்பன் வாத்தியாரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெயிலில் வைத்தால் வைக்கோல்போர் பற்றிக்கொள்ளும். அத்தனை கனம். அந்தக் கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு அவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்க்க உட்கார்ந்தால், யானை உள்ளே புகுந்து அடுப்படியில் இருக்கிற சோற்றையெல்லாம் தின்றுவிட்டுப் போனாலும் தெரியாது. போன பிறகு தலையைத் தூக்கி, "யாரோ வந்துட்டுப் போனாப்ல இருந்துச்சே" என்பார்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் நிலவியல் வாத்தியார். எடப்பாடிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. கட்டியது ராசிபுரத்துக்கு அப்பால் ஊமத்தம்பாளையத்துக் காளியண்ணன் மகள் சௌந்திரத்தை. காளியண்ணனுக்குச் சேகோ பேக்டரி. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து, பாலைத் தெளியவைத்து, மாவைக் களத்தில் காயப்போட்டு ஜவ்வரிசி ஆக்குகிற தொழில். அந்த ஊரில் காக்கை உட்கார்ந்து எழுந்தால் கொக்காகப் போகும் என்பார்கள்.

காளியண்ணனுக்கு மருமகன் மேல் பிரியம் உண்டு. மருமகனின் வேலைமேல்தான் இல்லை. கல்லைத் தட்டிப் பார்ப்பதற்கு ஒருவனுக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள் என்பதை அவர் மூளை ஒப்பவே இல்லை. ஒரு மாரியம்மன் நோம்பியின்போது, திருவிழா விருந்து முடிந்து வெற்றிலை போடுகையில் பங்காளிகள் முன்னாலேயே கேட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இத்தனை வருசமா எழுதறீங்களே, எங்கியாச்சும் அச்சுல வந்துச்சுங்களா?"

"அனுப்பிருக்கறனுங்க மாமா. திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பறாங்க."

"திரும்பத் திரும்ப வந்தா அது கட்டுரை இல்லீங்க, டவுன் பஸ்ஸுங்க."

பங்காளிகள் சிரித்த சிரிப்பில் கூரை ஓடு இரண்டு நகர்ந்துவிட்டது. சென்னியப்பனுக்கு ரோசம் வந்தது. ரோசம் வந்தவன் வாயில் வருவது எப்போதும் கெடுதான். "ரெண்டு வருசத்துக்குள்ள சீமைப் பத்திரிகைல என்ற பேர் வரலைன்னா, வேலையை உட்டுப்போட்டு உங்க பேக்டரில வந்து உக்காந்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டார். காளியண்ணன் அப்போதே ஒரு நாற்காலிக்குத் தச்சரிடம் சொல்லி வைத்தார்.

அடுத்த வருசம் நோம்பி வந்தது. மருமகனை நோம்பிக்கு அழைக்க மாமனார் நேரில் வரவேண்டும். பழம், பலகாரத்தோடு வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் மோர் குடித்து, "வந்துரோணுமுங்க" என்று சொல்லவேண்டும். அதுதான் முறை. காளியண்ணனுக்கு அந்த வருசம் என்னவோ தலைபோகிற கட்டட வேலை. கிழங்கு லோடு ஏற்றப்போன லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். டிரைவர் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே ஆரனை அடித்து, "நோம்பிக்கு வரச் சொன்னாருங்கோவ்" என்று கத்திவிட்டுப் போனார்.

ஆரன் அடித்து அழைக்க நான் என்ன கிழங்கு மூட்டையா என்று சென்னியப்பன் முறுக்கிக்கொண்டார். நேரில் வந்து அழைக்காமல் அந்த ஊர் எல்லையை மிதிப்பதில்லை என்று முடிவு. சௌந்திரம் மட்டும் போவாள், வருவாள். வந்து பிறந்த வீட்டுச் சேதியைச் சொல்வாள். "எங்கப்பா அந்தக் கல்லாங்காட்டை..." என்று அவள் தொடங்குவாள்; இவர் "ம்" என்பார். அந்த 'ம்' காதின் கதவைச் சாத்துகிற சத்தம்.

இதற்கு நடுவே ஐதராபாத்திலிருந்து புதுச் செயற்கைக்கோள் படம் வந்து சேர்ந்தது. சேலம் நாமக்கல் சீமை முழுக்க ஒரு மேசை அகலத்துக்கு. பச்சை வயலெல்லாம் அதில் சிவப்பாகத் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்த சௌந்திரம், "ஊரே தீப்புடிச்சுக் கிடக்குது, நீங்க உக்காந்து பாத்துட்டு இருக்கறீங்களே" என்று பதறிப்போனாள்.

சென்னியப்பன் தேடியது வெள்ளையை. அவர் வீட்டு மொட்டைமாடியில் நின்றாலே தெரிகிற மேக்னசைட் மலை, சனங்கள் வெள்ளைக்கல்லு என்று சொல்வது, படத்தில் பளீரென்று இருந்தது. அதே வெளுப்பு வேறெங்காவது உண்டா என்று பூதக்கண்ணாடியை இஞ்ச் இஞ்சாக நகர்த்திக்கொண்டே போனார். ராசிபுரத்தைத் தாண்டியதும் கண்ணாடி நின்றது. சிவப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. கடுகைவிடச் சின்னது, ஆனால் பல் முளைத்த குழந்தை சிரித்தாற்போல் இருந்தது.

பழைய சர்வே மேப்பை மேலே வைத்துப் பார்த்தார். புள்ளி விழுந்த இடம் ஊமத்தம்பாளையத்துக் கல்லாங்காடு. ஆடு மேய்ந்தாலே பல் உடைந்துபோகிற பூமி. கல்யாணமான புதிதில் அவரே அங்கே சுற்றியிருக்கிறார். அப்போது வெள்ளையாக ஒன்றையும் பார்த்த ஞாபகம் இல்லை. புது மாப்பிள்ளை கல்லையா பார்ப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மாமனார் கொல்லைப்புறத்தில் மேக்னசைட். டவுன் பஸ் என்றாரல்லவா, இருக்கட்டும். சௌந்திரத்திடம்கூட மூச்சு விடவில்லை.

முறைப்படி அங்கே போய்க் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதவேண்டும். வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் அழைக்காத ஊருக்கு எப்படிப் போவது? அறிவியலா, மாப்பிள்ளை முறுக்கா என்று தராசில் வைத்துப் பார்த்தார். முறுக்கு ஒரு மணங்கு கூடுதலாக நின்றது. 'கள ஆய்வு பின்னர் செய்யப்படும்' என்று ஒரு வரியைக் கடைசிப் பக்கத்தில், எறும்பு படித்தாலும் கண் வலிக்கிற எழுத்தில் சேர்த்தார்.

கட்டுரை தயாரான கதையே ஒரு கதை. உடன் வேலை பார்க்கும் வீரபாகு கணக்கு வாத்தியார். கட்டுரையில் இரண்டாவது பெயர் அவருடையது, ஏனென்றால் டைப் மெசினும் கேமராவும் அவருடையவை. அந்த மெசின் வெள்ளைக்காரன் போகும்போது வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனது. ஓர் எழுத்தைத் தட்டினால் பக்கத்து வீட்டில் குழந்தை எழுந்துவிடும். வரிக்கு வரி இடைவெளி விட்டு, மூன்று பிரதி, கார்பன் வைத்து. ஒரு தப்புக்கு மூன்று தாளிலும் அழிக்கவேண்டும். அழித்து அழித்து முடிவுரையில் ஒரு ஓட்டை விழுந்து, அதன் வழியாக முன்னுரை தெரிந்தது.

மேப்பைச் சென்னியப்பனே கறுப்பு மையில் டிரேசிங் தாளில் வரைந்தார். மை காய்கிறவரை வீட்டில் யாரும் தும்மக்கூடாது, கதவைத் திறக்கக்கூடாது. சௌந்திரம் குழம்புக்குத் தாளிக்காமல் இரண்டு நாள் இறக்கினாள். அந்தச் சீமைப் பத்திரிகைக்காரர்களுக்குத் தாள் இன்ன அளவு, ஓரம் இன்ன அகலம், பார்த்த நூல்களின் பெயர் இன்ன வரிசை என்று ஆயிரத்தெட்டு நியமம்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தனை கேக்கல சென்னி" என்றார் வீரபாகு.

பெரிய தபாலாபீசில் ஏர்மெயிலுக்கு எடை போட்டு, தபால்தலைகளை ஒட்டியதும் உறை மாரியம்மன் தேர் மாதிரி ஆகிவிட்டது. அனுப்பிவிட்டுச் சென்னியப்பன் வெறும் கையோடு வெளியே வந்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தவர்போல நின்றார்.

பதில் வர ஒரு கிழங்கு அறுவடை முடிந்துபோயிற்று. மரியாதையான பதில்தான். கட்டுரை நன்றாயிருக்கிறது, ஆனால் இதில் புதிது என்று இருப்பது அந்த ஒரு புள்ளி, அந்தப் புள்ளியில் நேரில் நின்று எடுத்த போட்டோவும், அங்கே எடுத்த கல்லைச் சோதித்த விவரமும் வேண்டும், வந்தால் போடுவோம், வராவிட்டால் இல்லை. சென்னியப்பன் நாள்காட்டியைப் பார்த்தார். மாமனாரிடம் சொன்ன கெடுவில் முக்கால்வாசி ஓடியிருந்தது.

"கிளம்பு" என்றார் வீரபாகு. "உன்ற மாமனார் ஊருக்குப் போகலை. மேப்புல ஒரு இடத்துக்குப் போறோம். காம்பஸ் வெச்சுக் காட்டு வழியாப் போயி, படம் புடிச்சு, கல்லை எடுத்துட்டு, ஊருக்குள்ள தலைகாட்டாமத் திரும்பிடலாம்."

மாப்பிள்ளை முறுக்குக்கும் பங்கமில்லாத வழி. இருவரும் பஸ்ஸில் ராசிபுரத்தைத் தாண்டிப் போய், ஊமத்தம்பாளையத்துக்கு முந்தின மைல்கல்லிலேயே இறங்கி, சோளக்காட்டுக்குள் நுழைந்தார்கள். யாரும் அடையாளம் காணாமலிருக்கச் சென்னியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் கண்ணாடி துண்டுக்கு வெளியே இரண்டு டார்ச் லைட்டுபோல நீட்டிக்கொண்டிருந்தது. காம்பஸ் காட்டிய திக்கில் வேலி, வரப்பு, சாணிக்குழி எதையும் பாராமல் நடந்தார்கள். கடைசியில் ஆளுயரச் சுவர் ஒன்று குறுக்கே வந்தது.

"இங்க சுவர் கிடையாதே" என்றார் சென்னியப்பன்.

"காம்பஸ் உள்ளேதான் காட்டுது" என்றார் வீரபாகு.

ஏறிக் குதித்தார்கள். குதித்த இடம் வெள்ளைதான். ஆனால் கல் இல்லை, வழுக்கியது. சென்னியப்பன் கையில் சுத்தியலோடு மல்லாந்து விழுந்து, மாவில் பத்தடி சறுக்கிப் போய் நின்றார். எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் சிமெண்டுக் களம். அதன் மேல் தும்பைப்பூ மாதிரி மாவு. விமானம் இறங்கலாம். எதிரே மாவு தள்ளும் பலகையோடு குப்பாயி என்கிற அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏஞ்சாமி, நடக்கறதுக்கு உங்களுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா? நாலு நாள் காஞ்ச மாவு."

அவருக்கு அது காதில் விழவில்லை. மாவை ஒரு பிடி அள்ளி, பார்த்து, நாக்கில் வைத்தார். சீமைக்குப் போன கட்டுரையின் ருசி புளிப்பாக இருந்தது. சௌந்திரம் சொல்லவந்த சேதி இப்போதுதான் முழுசாகக் காதுக்கு வந்து சேர்ந்தது: எங்கப்பா அந்தக் கல்லாங்காட்டைச் சமன் பண்ணி, சீமையிலேயே இல்லாத களமாப் போட்டிருக்காருங்க.

வீரபாகு அதற்குள் வழக்கப்படி டேப்பை விரித்து, களத்தின் நீள அகலத்தை அளக்கத் தொடங்கியிருந்தார். அதைத்தான் காளியண்ணன் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மருமகன் வந்திருக்கிறார்; முன்வாசல் வழியாக இல்லை, சுவர் ஏறி; உடன் ஓர் ஆள், டேப்பு வைத்துக் களத்தை அளக்கிறான். ஒரு குடியானவருக்கு இதில் புரியாமல்போக என்ன இருக்கிறது? மனுசன் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவந்தார்.

"மாப்பிள்ளை, பங்கு வேணும்னா வாயத் தொறந்து கேக்கலாமுங்களே. ஆளைக் கூட்டியாந்து அளக்கோணுமுங்களா? லாரிக்காரன்கிட்டச் சொல்லியுட்டது தப்புத்தானுங்க. அதுக்காவப் பாகம் பிரிக்கறதுங்களா?"

"அய்யோ மாமா, பங்குக்கு இல்லீங்க. வெள்ளைக்கல்லு பாக்க வந்தனுங்க."

"என்ற களத்துலயா?"

வேறு வழியில்லாமல் சென்னியப்பன் எல்லாவற்றையும் சொன்னார். காளியண்ணன் முழுசாகக் கேட்டு முடித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாவிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சிரித்ததில் கிளம்பிய மாவுப்புழுதி ராசிபுரம் வரை போனதாகச் சொல்வார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், மருமகன் தோளில் கைபோட்டு ஆபீசுக்குள் அழைத்துப்போய் ஒரு தேக்கு நாற்காலியைக் காட்டினார். "தச்சன் முடிச்சுக் குடுத்துட்டானுங்க. சும்மா உக்காந்து பாருங்க." சென்னியப்பன் உட்காரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வீரபாகு காதோடு காதாகச் சொன்னார். "இதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப்போடறே? உன்ற வீட்டுக்குப் பின்னாடி மலையே இருக்குது. அங்க நின்னு போட்டோ புடிப்போம். அந்தக் கல்லையே சோதிச்சு எழுதுவோம். அந்த வெள்ளைக்காரன் என்ன, ராசிபுரம் பஸ் ஏறி வந்து பாக்கவா போறான்?"

சென்னியப்பன் வேண்டாமென்று சொல்லவில்லை. அதுதான் உண்மை. மறுநாள் சாயங்காலம் சுத்தியலோடு மலையடிவாரம்வரை போனார். போட்டோவுக்கு நின்றார்கூட. "சிரி" என்றார் வீரபாகு. சிரிக்க வரவில்லை. வெயில் கண்ணில் படுகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று வந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் சௌந்திரத்திடம் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கப்பா களத்துக்கு அடியில வெள்ளைக்கல்லு இருக்குதுன்னு புஸ்தகத்துல வந்துட்டா, கவர்மெண்டு சும்மா உட்டுருமுங்களா?"

"தோண்டிப் பாப்பாங்க."

"தோண்டி ஒண்ணும் இல்லைன்னா?"

"மூடிட்டுப் போவாங்க."

"அப்புறம் எங்கப்பா என்னத்தைக் காயப்போடுவாரு, உங்களையா?"

கட்டுரைகளுக்கு வந்த எந்த விமரிசனமும் அவரை அப்படிக் குத்தியதில்லை. அன்றைக்கே இதழ் ஆசிரியருக்கு எழுதினார்: ஐயா, அது கல் இல்லை, மாவு. நான் ஏமாந்தேன். நாளைக்கு வேறொருவர் ஏமாறாமலிருக்க, இந்த ஏமாற்றத்தையே கட்டுரையாக எழுதித் தந்தால் போடுவீர்களா?

எழுது என்று பதில் வந்தது. கூடவே ஒரு கேள்வி: வெளுப்பு களத்து மாவுடையதுதானா, பக்கத்து நிலத்துடையதா? களத்தில் மாவு இல்லாத நாளின் படமும் இருந்தால்தான் நிரூபணம்.

ஆனால் காளியண்ணன் களத்தில் மாவு இல்லாத பகல் ஏது? சென்னியப்பன் இந்தமுறை ஊர் எல்லையையும் முறையையும் பாராமல் நேராகப் போனார். செயற்கைக்கோள் தலைக்குமேல் வரும் தேதியைச் சொல்லி, அன்று காலை மட்டும் களத்தைக் காலியாக விடவேண்டும் என்றார்.

"நடக்காதுங்க" என்றார் காளியண்ணன். "காலிக் களத்தைப் படம் புடிச்சு சீமையெல்லாம் காட்டினா, காளியண்ணன் நொடிச்சுட்டான்னு பேசுவாங்க."

"சீமைக்காரனுக்கு உங்களைத் தெரியாதுங்க மாமா."

"பேச்சுக்கு நாடு ஏதுங்க மாப்பிள்ளை? களத்துல ஏதாச்சும் ஒண்ணு காயோணும்."

"அப்ப கறுப்பா ஏதாச்சும் காயப்போடுங்க."

காளியண்ணன் தாடையைச் சொறிந்தார். கிழங்கின் தோல் இருக்கிறது. உரித்துக் குவித்தால் மண் நிறத்தில் கிடக்கும், மாட்டுக்குத் தீனியாகப் போகும். அதைப் பரப்பினால் களமும் காலியில்லை, மருமகனுக்கும் வேலை ஆகும். சம்மதித்தார். சம்மதித்த கையோடு, ஆகாயத்திலிருந்து நம் பேக்டரியைப் படம் பிடிக்க வருகிறார்கள், மத்தியானம் விருந்தும் உண்டு என்று சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் அழைப்பும் வைத்தார். இந்தமுறை அழைப்பை லாரிக்காரரிடம் விடவில்லை, நேரிலேயே போனார்.

அந்த நாள் காலையில் சென்னியப்பன் போய்ச் சேர்ந்தபோது களம் முழுக்கத் தோல் பரப்பியாகிவிட்டது. அழகான மண் நிறம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. நிம்மதியாகக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு திரும்பினால், களம் வெள்ளையாகிவிட்டிருந்தது.

சனம். சலவை வேட்டி, சலவைச் சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு. சேலம் ஜில்லாவில் அன்றைக்கு ஒரு சலவைத்தொழிலாளிக்கும் ஓய்வு இருந்திருக்காது. வெயிலுக்கு வெள்ளைத் துப்பட்டியால் நாலு இடத்தில் பந்தல் வேறு. நடுவில் காளியண்ணன், மாலையோடு, அண்ணாந்த முகத்தோடு.

"மாமா, எல்லாரும் வெளிய போகோணுமுங்க."

"படம் புடிக்கறப்ப வெளிய போகச் சொன்னா எப்படீங்க?"

"ஆளு தெரியமாட்டாங்க. ஆனா இத்தனை வேட்டியும் சேந்தா மாவாட்டம் தெரிஞ்சாலும் தெரியுமுங்க."

"தெரிஞ்சா நல்லதுதானுங்களே."

பத்து மணிக்குச் செயற்கைக்கோள் வந்துவிடும். சென்னியப்பன் ஓரத்துக்கு ஓரம் ஓடினார். கெஞ்சினார். அதட்டினார். இந்தப் பக்கம் நாலு பேரை இறக்கினால் அந்தப் பக்கம் எட்டுப் பேர் ஏறினார்கள். ஒரு பெரியவர், "எந்தப் பக்கமுங்க பாக்கோணும்?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் சிரித்த முகத்தை வைத்துக்கொண்டார். ஒன்பதரை தாண்டிவிட்டது. இரண்டு வருசத்துக் கெடு, தேக்கு நாற்காலி, கல்லூரி, படங்கள் எல்லாமே அந்த வேட்டிகளுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. சென்னியப்பன் களத்தின் ஓரத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

முந்தின நாளே பிறந்த வீட்டுக்கு வந்திருந்த சௌந்திரம் அவரைப் பார்த்தாள். விறுவிறுவென்று பேக்டரியின் மெசின் கொட்டகை வாசலுக்குப் போய், ஒரு தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினாள்.

"எலை போட்டாச்சுங்க. மொதப் பந்தி."

அவ்வளவுதான். அணை உடைந்தாலும் தண்ணீர் அத்தனை வேகமாக வெளியேறாது. பந்தல்காரர்கள் துப்பட்டியைத் தலையில் சுற்றிக்கொண்டே ஓடினார்கள். சிரித்த முகத்துப் பெரியவர்தான் முதல் இலையில் உட்கார்ந்தவர். காளியண்ணன் ஒருவர் மட்டும் கொஞ்சம் நின்று பார்த்தார். விருந்துக்குச் சொன்னவன் பந்தியில் இல்லாமலிருப்பது மரியாதையில்லை என்று அவரும் மாலையோடு போனார். களத்தில் தோலும் வெயிலும் மிச்சம். கோள் எப்போது வந்தது, எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே இரண்டாம் பந்திக்கு உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார்கள். முதல் பந்திக்கு என்ன பரிமாறினாள் என்று சௌந்திரத்தைக் கேட்டால், "எலைதான் போட்டனுங்க. உக்காந்தா சோறு வராமயா போயிரும்" என்பாள்.

படம் வந்தது. புள்ளி இல்லை. சென்னியப்பன் பூதக்கண்ணாடியை வைத்து அந்த இல்லாத புள்ளியை அரைநாள் பார்த்துக்கொண்டிருந்தார். வீரபாகு டைப் மெசினை எண்ணெய் போட்டு இறக்கினார். மறுபடி மூன்று பிரதி, மறுபடி தபால்தலைத் தேர். கெடு முடிய ஒரு மாதம் இருக்கையில் கட்டுரை அச்சாகியே வந்துவிட்டது. மூன்றே பக்கம். ஆனாலும் சீமைப் பத்திரிகை, வழுவழுத் தாள், மேலே கொட்டை எழுத்தில் சென்னியப்பன் பெயர்.

சேதி கேட்டு காளியண்ணன் அடுத்த பஸ்ஸிலேயே கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வந்தார். பத்திரிகையை வாங்கி, கையைத் துண்டில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டார். அருகருகே இருந்த இரண்டு படங்களையும் மருமகன் காட்டினார்.

"இது மாவு போட்டிருந்தப்பங்க. வெள்ளையாத் தெரியுது பாருங்க."

"தெரியுதுங்க. என்ற களமேதான்."

"இது தோலு போட்டப்ப."

காளியண்ணன் பூதக்கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனார், எட்டக் கொண்டுபோனார். மருமகனின் மூக்குக் கண்ணாடியையும் கழற்றி வாங்கி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, யாரும் வராத அன்னிக்கி நல்லாத் தெரியுது. ஊரையே கூட்டிச் சோறு போட்ட அன்னிக்கி ஒண்ணுமே இல்லீங்களே."

"ஒண்ணுமே இல்லாததுதானுங்க மாமா ஆதாரம். அதுக்குத்தான் அச்சுலயே போட்டாங்க."

காளியண்ணன் பத்திரிகையை மூடி மகளிடம் கொடுத்தார். மருமகனை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார்.

"நீங்க காலேசுலயே இருந்துக்கங்க. ஒண்ணுமில்லாததைக் காட்டிப் பேர் வாங்கறவரைக் கொண்டுபோயி நான் சரக்கு விக்கற எடத்துல உக்கார வெச்சா, பேக்டரி என்னத்துக்கு ஆகறதுங்க? அம்மிணி, கொஞ்சம் மோர் கொண்டா."